தண்ணீரில் இறங்காவிட்டால் இரட்சிப்பு இல்லையா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். எல்லாரும் மறுபடியும் பிறந்தவர்கள், அதாவது மனந்திரும்பி இயேசுவை ஏற்றுக்கொண்டவர்கள் என்றுதான் சொல்கிறோம், ஆனால் ஒரு சபையில் சத்தியம் என்பதை அடுத்த தெருவில் இருக்கும் சபையில் தப்பு என்கிறார்கள், யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான்கு கடிதங்களை எடுத்துக்கொண்டேன். முதல் கடிதத்துக்குப் பதில் நீளமாகிவிட்டது. அந்தச் சகோதரி இருக்கும் நிலைமையில் இன்னும் பல வீடுகள் இருப்பது எனக்குத் தெரியும், அதனால் குறைக்க மனம் வரவில்லை.

கேள்வி (ஒரு சகோதரி, தாம்வே, யாங்கோன்): ஐயா, ஸ்தோத்திரம். நான் மெதடிஸ்ட் சபையில் பிறந்து வளர்ந்தவள். குழந்தையாக இருக்கும்போதே தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பிறகு 17 வயதில் ஒரு எழுப்புதல் கூட்டத்தில் அழுது ஜெபித்து ஆண்டவரை ஏற்றுக்கொண்டேன். என் வீட்டுக்காரர் இரண்டு வருஷமாக ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறார், அங்கே முழுக்கும், அதாவது தண்ணீரில் முழுகி ஞானஸ்நானமும் எடுத்துவிட்டார். நானும் எடுக்காவிட்டால், ஆண்டவர் தம்முடையவர்களைச் சேர்த்துக்கொள்ளத் திடீரென்று வரும் இரகசிய வருகையில் கைவிடப்படுவேன் என்கிறார். தாலியையும் கழற்ற வேண்டுமாம். எங்களுக்கு 5 மாதப் பெண் குழந்தை. அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தே ஆக வேண்டும் என்று என் அம்மா நிற்கிறார், தண்ணீர் இல்லாமல் ஜெபித்து ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கும் பிரதிஷ்டை மட்டும்தான் என்று இவர் நிற்கிறார். நடுவில் நான் என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். 17 வயதில் அந்தக் கூட்டத்தில் நீங்கள் யாரை ஏற்றுக்கொண்டீர்களோ, அவர் உங்களைக் கைவிடவில்லை. சிலுவையில் பக்கத்தில் தொங்கிய கள்ளனுக்கு முழுக்கும் கிடைக்கவில்லை, தெளிப்பும் கிடைக்கவில்லை. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற ஒரு வார்த்தைதான் கிடைத்தது, அவனுக்கு அது போதுமாயிருந்தது.

அதற்காக ஞானஸ்நானத்தைப் பற்றிய வித்தியாசம் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். நானே 19 வயதில் முழுக்கு எடுத்தவன்தான், விசுவாசித்த பிறகுதான் ஞானஸ்நானம் என்று இன்றைக்கும் நம்புகிறேன். அப்போஸ்தலர் 8-இல் எத்தியோப்பிய மந்திரி முதலில் விசுவாசிக்கிறான், அப்புறம் அவனும் அவனுக்குப் போதித்த பிலிப்புமாகத் தண்ணீரில் இறங்குகிறார்கள், எனக்கு அதில் குழப்பமே இல்லை. ஆனால் உங்கள் அம்மா பக்கத்திலும் வேதம் இருக்கிறது. அதே புத்தகத்தில் 16-ஆம் அதிகாரத்தில் லீதியாளும் சிறைச்சாலைக்காரனும் வீட்டாரோடு ஞானஸ்நானம் பெறுகிறார்கள். கொலோசெயர் 2-இல் பவுல் ஞானஸ்நானத்தை விருத்தசேதனத்தோடு சேர்த்துப் பேசுகிறார், அதைக் கைக்குழந்தைகளுக்குத்தானே செய்தார்கள் என்பது அவர்கள் வாதம். மெதடிஸ்ட் சபைக்கு வேர் போட்ட ஜான் வெஸ்லி ஊர் ஊராகக் குதிரையில் போய் 'மறுபடியும் பிறக்க வேண்டும்' என்று பிரசங்கித்தவர், குழந்தைகளுக்கு ஞானஸ்நானமும் கொடுத்தவர். அவரை மறுபடியும் பிறக்காதவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நம் ஊரில் இருந்துகொண்டு இதைப் பேசும்போது ஜட்சனை விட்டுவிட்டுப் பேச முடியாது. பர்மாவில், விசுவாசித்தவர்களுக்கு மட்டும் முழுக்கு கொடுக்கும் பாப்டிஸ்ட் சபை என்றாலே அதோனிராம் ஜட்சன் பெயர்தான் முதலில் வரும், ஆனால் அமெரிக்காவில் கப்பல் ஏறும்போது அவர் பாப்டிஸ்டே இல்லை என்பதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். அவருடைய அப்பா குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கும் காங்கிரிகேஷனல் சபைப் போதகர். மகனும் அதே சபையில் 1812 பிப்ரவரியில் ஊழியராக அபிஷேகம் பண்ணப்பட்டு, அதே மாதம் கல்யாணமான கையோடு மனைவி ஆன் அம்மையாரோடு புறப்பட்டார். இந்தியாவுக்குப் போனால் அங்கே வில்லியம் கேரி முதலான பாப்டிஸ்ட் மிஷனரிகளைச் சந்திக்க வேண்டும், அவர்களுக்குப் பதில் சொல்ல நம் உபதேசத்தைச் சரியாகப் படித்து வைத்துக்கொள்வோம் என்று நினைத்து நடுக்கடலில் வேதத்தை எடுத்து உட்கார்ந்தவருக்கு, படிக்கப் படிக்கத் தன் பக்கத்துக்கு ஆதாரம் போதவில்லை என்று பட்டது.

இனிதான் உங்கள் கதை வருகிறது. ஆன் அம்மையாருக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. நீங்கள் பாப்டிஸ்டாக மாறினாலும் நான் மாற மாட்டேன் என்று கணவரிடம் பலமுறை சொன்னதாக அவரே எழுதியிருக்கிறார். குழந்தை ஞானஸ்நானத்துக்காக வாதாட வேண்டும் என்றுதான் அவரும் படிக்க ஆரம்பித்தார். கல்கத்தாவில் புத்தகங்களை வைத்துக்கொண்டு தானாகப் படித்து, தானாக ஒரு முடிவுக்கு வந்தார். அதற்குப் பிறகுதான் 1812 செப்டம்பர் 6-ஆம் தேதி இரண்டு பேரும் கல்கத்தா லால் பஜார் சபையில் பாப்டிஸ்ட் மிஷனரி வில்லியம் வார்டு கையால் முழுக்கு எடுத்தார்கள். தங்களை அனுப்பி வைத்த மிஷனரி சங்கத்துக்கு ராஜினாமா எழுதினார்கள், சம்பளம் கொடுக்க ஆள் இல்லாமல் அந்நிய தேசத்தில் நின்றார்கள்.

உங்கள் வீட்டுக்காரரிடம் நீங்கள் ஒரு கேள்வி கேட்கலாம், கோபமாக இல்லாமல் நிஜமாகவே கேளுங்கள். செப்டம்பர் 5-ஆம் தேதி ஜட்சன் இரட்சிக்கப்பட்டவரா இல்லையா? சொந்த ஊரையும் அப்பா அம்மாவையும் விட்டுவிட்டு, திரும்பி வருவோமா என்று தெரியாமல் கப்பல் ஏறியது தெளிப்பு ஞானஸ்நானம் மட்டும் பெற்ற ஒரு மனிதர்தான். ஆண்டவரை அறியாதவரா அப்படிக் கிளம்புவார்? அவ்வளவு விலை கொடுத்து முழுக்குக்கு மாறியவர், 1813 ஜூலையில் ரங்கூனில் வந்து இறங்கிய பிறகு, மவுங் நௌ என்ற முதல் பர்மியருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1819 ஜூன் மாதம்தான். ஏறக்குறைய ஆறு வருஷம் ஒரே ஒரு ஆளுக்காகக் காத்திருந்தார். மனதில் விசுவாசம் வராமல் யாரையும் அவர் தண்ணீரில் இறக்கவில்லை.

ஆகவே வீட்டுக்காரருக்காகவோ, வருகையில் விட்டுவிடுவார்கள் என்ற பயத்திலோ முழுக்கு எடுக்காதீர்கள். பயத்தில் எடுத்தால், விசுவாசித்து எடுக்க வேண்டும் என்று அவருடைய சபை சொல்வதற்கே அது விரோதம். அப்போஸ்தலர் நடபடிகளை முதலிலிருந்து நீங்களே மெதுவாகப் படியுங்கள். உங்கள் சபைப் போதகரிடமும் கேளுங்கள், உங்கள் வீட்டுக்காரருடைய பாஸ்டரிடமும் கேளுங்கள். படித்து முடித்து, எடுக்க வேண்டும் என்று உங்கள் மனதுக்கே பட்டால் எடுங்கள், நான் சந்தோஷப்படுவேன். படாவிட்டால் எடுக்காதீர்கள், அதனால் நீங்கள் எனக்குச் சகோதரி இல்லாமல் போய்விட மாட்டீர்கள்.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் மூத்த மகன் பிறந்த வருஷம் என் அம்மா பேரனைப் பார்க்க வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை எங்களோடு சபைக்கு வந்தார். திருவிருந்து நேரத்தில் தட்டு அவரிடம் வந்தபோது ஒரு மூப்பர் குனிந்து, தெளிப்பு எடுத்தவர்களுக்கு இல்லை அம்மா என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தட்டை அடுத்தவரிடம் கொண்டுபோனார். அம்மா நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு ஜெபிக்கச் சொல்லிக்கொடுத்த கை அது. பக்கத்தில் உட்கார்ந்து நான் அப்பத்தை வாங்கிச் சாப்பிட்டேன். எழுந்து அவரோடு வெளியே போயிருக்க வேண்டும், போகவில்லை. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் மறுநாள் ஊருக்குப் போனார். இப்போது அவர் இல்லை.

தாலி விஷயம். பொன்னாபரணம் பற்றி 1 பேதுரு 3-இலும் 1 தீமோத்தேயு 2-இலும் சொல்லியிருப்பதை வைத்துத் தமிழ் பெந்தெகொஸ்தே சபைகள் சிலவற்றில் எல்லா நகைகளையும் கழற்றச் சொல்கிறார்கள், தாலியும் அதோடு போய்விடுகிறது. கரேன், சின் இனச் சகோதரிகளுக்குத் தாலி என்ற ஒன்றே கிடையாது, அவர்கள் சபைகளில் இந்தக் கேள்வியே வராது. அப்படியானால் இது இரட்சிப்பைச் சேர்ந்த உபதேசமா, ஒரு கூட்டத்தாரின் ஒழுங்கா என்று யோசித்துப் பாருங்கள். கழற்றினால் உங்கள் அம்மாவுக்கு அது எப்படி இருக்கும் என்பதையும் உங்கள் வீட்டுக்காரர் நினைத்துப் பார்க்க வேண்டும். புருஷன் உயிரோடு இருக்கும்போது மகளை வெறுங்கழுத்தோடு பார்ப்பது நம் தாய்மார்களுக்குச் சாதாரண விஷயம் இல்லை.

குழந்தைக்கு இப்போது எதுவும் அவசரம் இல்லை. ஞானஸ்நானம் பெறாத குழந்தை நரகத்துக்குப் போகும் என்று உங்கள் சபையும் போதிப்பதில்லை, அவர் சபையும் போதிப்பதில்லை, இதை அம்மாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். பெற்றவர்கள் இரண்டு பேரில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும்போது குழந்தைக்கு எந்தச் சடங்கும் வேண்டாம். இன்று ராத்திரி இரண்டு பேருமாக அவள் தலையில் கை வைத்து ஜெபியுங்கள், அதற்கு எந்தச் சபையும் தடை சொல்லாது.

கேள்வி (22 வயது வாசகர், மோல்மேன்): தண்ணீர்த் திருவிழா விடுமுறையில் எங்கள் சபையில் மூன்று நாள் உபவாச முகாம் நடந்தது. என்னோடு வந்த எல்லாரும் ஆவியில் நிறைந்து, கற்றுக்கொள்ளாத அந்நியபாஷை பேசினார்கள், எனக்கு மட்டும் வரவில்லை. உனக்குள் பாவம் இருக்கிறது, ஆவி இல்லை என்கிறார்கள். பாப்டிஸ்ட் சபை நண்பனோ, அந்நியபாஷையெல்லாம் அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்துவிட்டது, இப்போது பேசுவது நடிப்பு என்கிறான். எது உண்மை?

பதில்: தம்பி, இரண்டு பேருமே வேதம் சொன்னதற்கு மேலே போகிறார்கள். அந்நியபாஷைதான் ஆவியின் அபிஷேகத்துக்கு முதல் அடையாளம் என்ற உபதேசம் இந்த வடிவத்தில் பரவியது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அமெரிக்காவில் 1901-இல் டொபீகா ஊரில் சார்லஸ் பார்ஹாம் நடத்திய வேதப் பள்ளியிலும், 1906-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருவில் வில்லியம் சீமோர் நடத்திய கூட்டங்களிலும் இருந்து உலகமெங்கும் போனது. அசெம்பிளிஸ் ஆஃப் காட் என்ற பெந்தெகொஸ்தே சபையார் 1916-இல் எழுதிய விசுவாச அறிக்கையிலும் இது இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனி. இரட்சிப்பு வேறு, ஆவியின் அபிஷேகம் வேறு என்றுதான் அவர்களும் போதிக்கிறார்கள். அந்நியபாஷை பேசாதவன் இரட்சிக்கப்படாதவன் என்று அவர்களே சொல்லாததை உன் முகாமில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். "எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?" என்று 1 கொரிந்தியர் 12-இல் பவுல் கேட்கிறாரே, அந்தக் கேள்விக்குப் பதில் 'இல்லை, எல்லாரும் பேசுவதில்லை' என்பதுதான்.

உன் நண்பன் 1 கொரிந்தியர் 13-இல் 'அந்நியபாஷைகளானாலும் ஓய்ந்துபோம்' என்பதைப் பிடித்துக்கொண்டிருப்பான். எப்போது ஓயும் என்பதில் நல்ல விசுவாசிகளே இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். ஆனால் அதற்கு அடுத்த அதிகாரத்தின் முடிவிலேயே, அதைத் தடைபண்ண வேண்டாம் என்றும் இருக்கிறது. ஆகவே நடிப்பு என்று அவன் பொதுவாகச் சொல்வது தப்பு. நீ பாவனை செய்து பேசினால்தான் அது நடிப்பு. என் வயதில் எத்தனையோ பேர் மற்றவர்கள் முன்னால் தலை நிமிர வேண்டுமே என்று 'அல்லேலூயா'வை வேகவேகமாகச் சொல்லி நாக்கைப் புரட்டியதை நான் பார்த்திருக்கிறேன், அவர்களில் சிலர் பிறகு அந்த வெட்கத்திலேயே சபையை விட்டுப் போய்விட்டார்கள். நீ அதைச் செய்யாமல் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தாயே, அதில் எனக்கு உன்மேல் மரியாதை.

கேள்வி (இன்செயின் வாசகர்): இரகசிய வருகை, உலக முடிவில் வரும் உபத்திரவ காலத்துக்கு முன்பா, பின்பா?

பதில்: முன்பு என்று நம் சபைகளில் பெரும்பாலும் சொல்கிறார்கள். இதை ஓர் ஒழுங்கான போதனையாக 19-ஆம் நூற்றாண்டில் பரப்பியவர் ஜான் நெல்சன் டார்பி, 1909-இல் வந்த ஸ்கோஃபீல்ட் குறிப்பு வேதாகமம் அதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பின்பு என்று நம்பும் மறுபடியும் பிறந்தவர்களும் நிறைய. அவர் வருகிறார் என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகம் இல்லை, எனக்கும் இல்லை. அட்டவணை போட்டு அடுத்தவரைப் பயமுறுத்தாதீர்கள்.

கேள்வி (ஒரு தகப்பன், பெகு): என் மகன் 15 வயதில் இரட்சிக்கப்பட்டான், வாலிபர் கூட்டத்தில் சாட்சி சொன்னான். இப்போது வயது 28, தினமும் குடிக்கிறான். ஒருமுறை இரட்சிக்கப்பட்டவன் கெட்டுப்போக மாட்டான் என்கிறார் எங்கள் போதகர். அவன் இரட்சிப்பை இழந்துவிட்டான் என்கிறார் தம்பி வீட்டுச் சபைப் பாஸ்டர். யார் சொல்வது சரி ஐயா?

பதில்: அண்ணா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உங்கள் போதகர் யோவான் 10-ஐக் காட்டுவார், ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதில்லை என்று ஆண்டவர் தம் ஆடுகளைப் பற்றிச் சொன்ன இடம். அந்தப் பாஸ்டர் எபிரெயர் 6-ஐக் காட்டுவார், பரம ஈவை ருசிபார்த்தும் மறுதலித்துப் போனவர்களைப் பற்றிய இடம். வெஸ்லியும் பிரசங்கியார் ஜார்ஜ் வைட்ஃபீல்டும் வாலிபத்தில் ஒன்றாக ஜெபித்த நண்பர்கள். தேவன் முன்குறித்தவர்கள்தான் இரட்சிக்கப்படுவார்களா, கடைசிவரை நிலைப்பார்களா என்பதில் அவர்களே 1740-ஐ ஒட்டிய வருஷங்களில் அச்சுப் போட்டு வெளிப்படையாக மோதிக்கொண்டார்கள். பிறகு நட்பு திரும்பியது, கருத்து மட்டும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. 1770-இல் வைட்ஃபீல்ட் இறந்தபோது, அவருடைய விருப்பப்படியே லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி. அவர்களால் முடிக்க முடியாத வழக்கை நான் இந்தப் பக்கத்தில் முடித்துவைக்கப் போவதில்லை.

ஆனால் உங்கள் வீட்டில் நடப்பதைப் பற்றிச் சொல்ல முடியும். இரண்டு சபைக்காரர்களும் உங்கள் மகனிடம் கடைசியில் எதிர்பார்ப்பது ஒன்றேதான், அவன் திரும்ப வேண்டும். அவன் ஒருபோதும் இழக்கவில்லை என்றாலும் திரும்ப வேண்டும், இழந்துவிட்டான் என்றாலும் திரும்ப வேண்டும். ஆகவே 'நீ இரட்சிக்கப்பட்டவனா இல்லையா' என்று அவனிடம் கேட்பதை நிறுத்துங்கள், அவன் முன்னால் இந்த வாக்குவாதத்தையும் நிறுத்துங்கள். குடித்துவிட்டு வரும் ராத்திரியில் பேச்சு வேண்டாம், கதவைத் திறந்துவிடுங்கள், சோறு போடச் சொல்லுங்கள். தெளிவாக இருக்கும் காலையில், குடிப் பழக்கத்துக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் போகலாமா என்று கேளுங்கள். நீங்களே கூட வருவதாகச் சொல்லுங்கள், விசுவாசமுள்ள வீட்டில் அது வெட்கமில்லை. அவன் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புங்கள் அண்ணா, பத்திரிகையில் போட மாட்டேன், என் வேதாகமத்துக்குள் வைத்துக்கொள்கிறேன்.