கோதுமையில் புது ரகம்: வாசகர் கேள்விகள்

கே: கோதுமை தன் மகரந்தத்தாலேயே மணி பிடிக்கும் பயிர். அதில் இரண்டு ரகங்களை எப்படிக் கலக்கிறார்கள்?

ப: மகரந்தப்பைகளை முன்னதாகவே எடுத்துவிட வேண்டும். கதிர் கண்ணாடி இலையின் (கதிருக்குக் கீழுள்ள கடைசி இலை) உறையிலிருந்து அப்போதுதான் தலைகாட்டும் சமயம், பைகள் பச்சையாக இருக்கும். மஞ்சளாகிவிட்ட கதிரைத் தொடவே கூடாது. இடுக்கி பட்டதும் பை வெடித்துத் தன் மகரந்தமே விழும், விளைவது தாய் ரகத்தின் மணிதான். அடியிலும் நுனியிலும் உள்ள சிறுகதிர்களைக் கிள்ளிவிட்டு, மற்றவற்றில் நடுப்பூக்களை நீக்கி, ஓரத்துப் பூக்கள் இரண்டை மட்டும் விடுங்கள். உமியின் மேல்பகுதியைக் கத்தரித்து, பூவுக்கு மூன்று பைகளையும் எடுத்த கையோடு பட்டர் பேப்பர் உறை மாட்டுங்கள். மகரந்தத்தை ஏற்கும் பூவின் பெண் பாகமான சூல்முடியில் இடுக்கி குத்தினால் அந்தப் பூவில் மணி பிடிக்காது. இரண்டு முதல் நான்கு நாளில் சூல்முடி இறகுபோல் விரியும். அப்போது, பைகள் மஞ்சளாகி வெளியே தள்ளும் தந்தைக் கதிரை உறைக்குள் விட்டுச் சுழற்ற வேண்டும். மகரந்தம் வெயிலில் அரை மணி நேரம் தாங்குவதே அரிது. கதிரை அறுத்து வைத்துக் காத்திருக்காதீர்கள். பெற்றோர் பெயரும் தேதியும் எழுதிய சீட்டைக் கட்டவும் மறக்காதீர்கள்.

கே: அதற்குப் பின்னும் புது ரகம் வெளிவர ஏன் பத்தாண்டு? கோதுமையை நீலகிரிக்கு ஏன் கொண்டுவருகிறார்கள்?

ப: இரண்டாம் தலைமுறையில் குணங்கள் பிரியும், ஆயிரக்கணக்கான செடிகளில் தேட வேண்டும். ஆறாம் தலைமுறையை ஒட்டித்தான் நிலைபெறும். பிறகு பல இடங்களில் விளைச்சல் சோதனை. வட இந்தியச் சமவெளியில் குளிர்காலத்தில் மட்டுமே கோதுமை. நீலகிரியின் வெலிங்டனில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவன நிலையத்தில் கோடையிலும் விதைத்தால், ஆண்டுக்கு இரண்டு தலைமுறை முடியும்.

அதைவிடப் பெரிய காரணம், பூசணத்தால் வரும் துருநோய். சமவெளியில் கோடை வெயிலில் மடியும் தண்டுத் துருப் பூசணம், நீலகிரி, பழனி மலைகளின் குளிர்ச்சியில் பிழைத்துக் காற்றில் பரவுகிறது என்று பயிர்நோய் ஆய்வாளர் கே. சி. மேத்தா காட்டினார். ஆகவே அங்கே செடிகள் இயற்கையாகவே சோதனைக்கு உள்ளாகும். எதிர்ப்பு எந்த மரபணுவிலிருந்து வருகிறது என்பதும் முக்கியம். 1995-இல் வெளிவந்து பஞ்சாபில் பெரும்பரப்பைப் பிடித்த பிபிடபிள்யூ 343 ரகம், துருநோயின் இன்னொரு வகையான மஞ்சள் துருவை எதிர்க்க முக்கியமாக ஒய்ஆர்27 என்ற ஒரு மரபணுவையே நம்பியிருந்தது. புதிய பூசண இனம் அதை முறியடித்ததும் ரகம் தாக்குதலுக்கு ஆளானது. ஒற்றை மரபணுவை நம்பி ரகம் தருவது விவசாயியை ஆபத்தில் விடுவதே. நோயை மெதுவாக்கும் எல்ஆர்34 போன்ற மரபணுக்களையும் சேர்த்து அடுக்க வேண்டும்.

கே: புது ரகத்தில் சொந்த விதை எடுக்கலாமா?

ப: தாராளமாக. மணிகளைக் கரித்தூளாக்கும் கரிப்பூட்டை நோய் கண்ட கதிர்மேல் பையை மூடிய பிறகே பிடுங்குங்கள். இல்லையேல் கரித்தூள் பறந்து பக்கத்துப் பூக்களில் ஏறும். அந்த நோய் விதைக்குள்ளேயே இருப்பதால், விதைக்குமுன் கிலோவுக்கு 2.5 கிராம் கார்பாக்சின் என்ற பூசணக்கொல்லி கலக்கவும்.