ஃபெரிக் அயனி சேர்த்ததும் ஒளிர்வு குறைகிறது, இதை இரும்பு உணரி எனலாமா?

கேள்வி இதுதான்: 340 நானோமீட்டரில் தூண்டும் சேர்மத்தில் ஃபெரிக் குளோரைடு (ஃபெரிக் என்னும் Fe³⁺ இரும்பு அயனியின் உப்பு) சேர்க்கச் சேர்க்க ஃபுளோரசன்ஸ், அதாவது ஒளிர்வு, குறைகிறது, மற்ற அயனிகளுக்கு மாற்றமே இல்லை.

இப்போதைக்கு உணரி (இரும்போடு பிணைந்து அது இருப்பதைக் காட்டும் சேர்மம்) என்று எழுத வேண்டாம். முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃபெரிக் கரைசலின் மஞ்சள் நிறத்தை. 300 முதல் 400 நானோமீட்டர் வரை அதுவே ஒளியை உறிஞ்சும். உங்கள் சேர்மத்தோடு ஒட்டாமலேயே ஒளிர்வைக் குறைத்துக் காட்டும்.

சேர்மம் இல்லாமல், அதே கரைசலில் இரும்பை மட்டும் போட்டு, 1 செ.மீ. க்யூவெட்டில் (அளவீட்டுக்கான ஒளி ஊடுருவும் சிறு குப்பியில்) தூண்டும் அலைநீளம், உமிழும் அலைநீளம் இரண்டிலும் அப்சார்பன்ஸ் (ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற அளவு) எடுங்கள். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி, 10-க்கு அடுக்காக வைத்து, வந்த எண்ணால் அளந்த ஒளிர்வைப் பெருக்குங்கள். 0.30-உம் 0.05-உம் வந்தால் பாதி 0.175, பெருக்க வேண்டிய எண் ஏறத்தாழ 1.5. அதாவது பிணைப்பே நடக்காவிட்டாலும் 100 இருந்த ஒளிர்வு 67-க்கு வந்துவிடும். திருத்திய பிறகு வரைபடம் தட்டையாகிவிட்டால் அங்கே உணரி இல்லை.

அடுத்த வில்லங்கம் பிஎச். ஃபெரிக் ஸ்டாக்கை (நீர்த்துப் பயன்படுத்த வைக்கும் அடர் கரைசலை) வெறும் நீரில் வைத்தால் ஹைட்ராக்சைடாகிப் பழுப்பேறும். அதனால் 10 மில்லிமோலார் ஸ்டாக்கை 10 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தயாரிப்பார்கள். அதில் 20 மைக்ரோலிட்டரை 2 மில்லி நீரில் விட்டால் இரும்பு 100 மைக்ரோமோலார், பிஎச் 4-க்குக் கீழே. சேர்மத்தில் அமீன் இருந்தால் புரோட்டான் ஏறியே ஒளிர்வு மாறலாம். இரும்பில்லாத அமிலத்தையும் விட்டுப் பாருங்கள், ஆனால் இரும்பு நீராற்பகுப்பில் தானும் அமிலம் விடும் என்பதால் இறுதி பிஎச்சை இரண்டிலும் அளந்து சமப்படுத்துங்கள். பிஎச்சை மாறாமல் வைக்கும் பிஎச் 7 தாங்கல் கரைசலுக்கு ஓடினாலும் தப்பிக்க முடியாது: இரும்பு நுண்துகளாகிக் கலங்கும். இரும்பு உறிஞ்சவே கூடாத 600 நானோமீட்டரிலும் அப்சார்பன்ஸ் ஏறியிருந்தால் அது கலங்கல்தான். பாஸ்பேட் தாங்கலைத் தொடவே வேண்டாம், அது இரும்பைப் பிடித்துக்கொள்ளும்.

இரும்பை இறுகப் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ. சேர்த்ததும் ஒளிர்வு திரும்பினால் பிணைப்பு உறுதி என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது போதாது. இ.டி.டி.ஏ. இரும்பின் நிறத்தையும் மாற்றுகிறதே! திரும்பிய ஒளிர்வுக்கும் மேலே சொன்ன திருத்தம் வேண்டும்.

கண்டறியும் வரம்புக்கு, வெற்றுக் கரைசலின் (இரும்பு சேர்க்காத கரைசலின்) 10 அளவீடுகளின் திட்டவிலக்கத்தை 3-ஆல் பெருக்கி, இரும்பின் செறிவுக்கு எதிராகத் திருத்திய ஒளிர்வை வரைந்த நேர்கோட்டின் சாய்வால் வகுங்கள். ஒவ்வொரு அளவீட்டுக்கும் க்யூவெட்டை வெளியே எடுத்துத் திரும்ப வையுங்கள். அசைக்காமல் பத்து முறை அளந்தால் கருவியின் இரைச்சல் மட்டுமே கிடைக்கும், வரம்பும் பொய்யாக அழகாக வரும்.