மோட்டார்ஹோம் ஜெனரேட்டர் தேவைப்படும்போது தவறாமல் ஓட என்ன பராமரிப்பு செய்ய வேண்டும்?

கேள்வி கேட்டவர் எட்டு வருடப் பழைய மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணம் செய்யும் வீட்டு வண்டி) ஒன்றை வாங்கியிருக்கிறார். ஜெனரேட்டர் மீட்டரில் 90 மணி நேரம்தான் காட்டுகிறதாம். கிட்டத்தட்ட புதுசுதானே, ஆயிலை மட்டும் மாற்றினால் போதாதா என்கிறார்.

அந்த 90ஐப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். எட்டு வருடத்தில் 90 மணி என்றால் மாதத்துக்கு ஒரு மணி நேரம்கூட அது ஓடவில்லை. இந்த ஜெனரேட்டர்கள் ஓடித் தேய்வதைவிடச் சும்மா கிடந்து கெடுவதுதான் அதிகம். எனக்கு இது பட்டுத்தான் புரிந்தது.

நான் மெக்கானிக் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெக்சாஸில் சான் அன்டோனியோ பக்கம் இருக்கிறோம். எங்களுடையது 28 அடி வண்டி, அதில் இருப்பது ஓனான் நிறுவனத்தின் 4000 வாட் பெட்ரோல் ஜெனரேட்டர். டீசல் வைத்திருப்பவர்கள் கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் பாகம்) பற்றிய பகுதியை விட்டுவிட்டு மற்றதைப் படித்துக்கொள்ளுங்கள்.

2023 ஏப்ரலில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். அவரையும் கூட்டிக்கொண்டு பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போனோம். அங்கே ரியோ கிராண்டே வில்லேஜ் என்ற முகாமில் இடம் போட்டிருந்தோம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்சிகோ. "இவ்வளவு பக்கத்துல வேற நாடா!" என்று அம்மா திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். பிற்பகல் வெயில் 38 டிகிரியைத் தாண்டியது. அங்கே மின் இணைப்புள்ள இடங்கள் மொத்தமே 25தான், எல்லாம் நிரம்பிவிட்டன. ஜெனரேட்டர் இருக்கிறதே என்ற தைரியத்தில் இணைப்பில்லாத இடத்தில்தான் நிறுத்தியிருந்தோம்.

சுவிட்சை அழுத்தினேன். இன்ஜின் பிடித்தது, பத்து விநாடி ஏறி இறங்கித் திணறியது, நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினேன், அதே கதை. சுவிட்சில் உள்ள சிறு விளக்கு மூன்று முறை மினுக்கி நின்று, மறுபடி மூன்று முறை மினுக்கியது. அப்படி வந்தால் நிறுத்தும் பக்கத்தை மூன்று முறை அழுத்த வேண்டும், அப்போது இரண்டாவது எண்ணைக் காட்டும். மூன்று, சின்ன இடைவெளி, ஆறு. அதாவது 36. கட்டளை இல்லாமல் இன்ஜின் தானாக நின்றுவிட்டது என்று பொருள். பெரும்பாலும் பெட்ரோல் சரியாகப் போய்ச்சேரவில்லை என்றுதான் அர்த்தம்.

டேங்க் கால்வாசியில் இருந்தது. ஜெனரேட்டருக்குப் போகும் குழாய் டேங்கின் அடிவரை இறங்காது. பெட்ரோல் முழுவதையும் ஜெனரேட்டர் குடித்துவிட்டு நம்மை நடுக்காட்டில் நிறுத்திவிடக் கூடாது என்பதற்காகக் கால் டேங்க் அளவிலேயே அது நின்றுவிடும். இதுதான் காரணமாக இருக்கும் என்று பூங்காவுக்குள் பெட்ரோல் பங்க் இருக்கும் பாந்தர் ஜங்ஷனுக்குப் போய் முழுக்க நிரப்பிக்கொண்டு வந்தேன். ஒரு மாற்றமும் இல்லை. மலைமேல் சிசோஸ் பேசின் போனால் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் 24 அடிக்கு மேற்பட்ட வண்டிகள் அந்தப் பாதையில் ஏற வேண்டாம் என்று பூங்காவே சொல்கிறது.

அன்றிரவு ஈரத் துண்டும் 12 வோல்ட் விசிறியும்தான். "விடுய்யா, நம்ம ஊரு வெயில்ல நான் பார்க்காததா" என்றார் அம்மா. நள்ளிரவில் எழுந்து பார்த்தேன். படியில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். விடிந்ததும் கிளம்பிவிட்டோம். வயதானவரை ஏன் அந்த வெயிலுக்குக் கூட்டிப்போனாய் என்று கேட்க நினைப்பவர்களுக்கு: அவர்தான் ஆசைப்பட்டார். ஜெனரேட்டர் ஓடியிருந்தால் ஒரு குறையும் இருந்திருக்காது.

வீட்டுக்கு வந்து கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினேன். உள்ளே பழுப்பாகப் பிசின் படிந்திருந்தது, பழைய வார்னிஷ் நாற்றம். பெட்ரோல் அளவாக வரும் சிறு துளையுள்ள மெயின் ஜெட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்தத் துளை தெரியவே இல்லை. முந்தைய அக்டோபரிலிருந்து ஆறு மாதம் நான் அதை ஒருமுறைகூட ஓட்டவில்லை. இங்கே பெட்ரோலில் பெரும்பாலும் பத்து சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். கிண்ணத்தில் தேங்கியது மெல்ல ஆவியாகி, மிச்சம் பசையாக ஒட்டிக்கொள்ளும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, மின்கம்பிக்குள் இருக்கும் மெல்லிய செம்பு இழை ஒன்றைத் துளைக்குள் விட்டு எடுத்தேன். இரும்புக் கம்பியோ குண்டூசியோ விடாதீர்கள், துளை பெரிதாகிவிடும். நான் முதலில் கேட்ட கடையில் கார்புரேட்டரையே மாற்ற வேண்டும், மூன்று வாரம் காத்திருங்கள் என்றார்கள். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமானதாக இருந்தது.

சரி, ஏன் ஆறு மாதம் ஓட்டவில்லை? வண்டி என் வீட்டில் இல்லை. எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் விதிப்படி 48 மணி நேரத்துக்கு மேல் சொந்த வாசலில்கூட அதை நிறுத்தக் கூடாது. ஊருக்குப் போகச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோதே போட்டோ எடுத்து நோட்டீஸ் அனுப்பியவர்கள் அவர்கள். அபராதமும் கட்டினேன். நான் தவணை கட்டும் வீடு, என் நிலம், யார் வழியையும் அடைக்கவில்லை. இன்றுவரை எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அதனால் 25 மைல் தள்ளி வாடகை இடத்தில் நிற்கிறது, போய் வரவே பாதி நாள்.

இப்போது மாதம் ஒருமுறை போய்விடுகிறேன். இரண்டு மணி நேரம் ஓட்டுவேன், லோடு கொடுத்துத்தான், அதாவது ஏசி மாதிரி எதையாவது அதன் மின்சாரத்தில் ஓடவிட்டு. லோடு இல்லாமல் பத்து நிமிடம் ஓட்டி அணைப்பதால் பெரிய பலன் இல்லை. இன்ஜின் நன்றாகச் சூடாகி, உள்ளே உள்ள ஈரம் போக வேண்டும். கூரை ஏசியைப் போட்டாலே கிட்டத்தட்ட பாதி லோடு வந்துவிடும். ஆனால் ஏசியோடு ஸ்டார்ட் செய்யக் கூடாது, அணைக்கும்போதும் முதலில் ஏசியை நிறுத்திவிட்டுச் சில நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும். நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் டேங்கில் ஸ்டெபிலைசர் (பெட்ரோல் கெடாமல் காக்கும் மருந்து) ஊற்றிய பிறகும் ஜெனரேட்டரை ஓட்டுங்கள். மருந்து டேங்கிலேயே இருந்தால் கார்புரேட்டருக்கு என்ன பயன்?

ஆயில் எங்கள் மாடலுக்கு 150 மணி நேரம் அல்லது வருடம் ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அது. உங்கள் 90 மணி வண்டிக்கு வருடக் கணக்குத்தான் பொருந்தும். ஏர் பில்டர், ஸ்பார்க் பிளக், பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் உப்பு, எல்லாம் பாருங்கள். எங்கள் பக்கம் குளவிகள் புகைக்குழாயில் மண் கூடு கட்டிவிடும், அதையும் டார்ச் அடித்துப் பார்ப்பேன். புகைக்குழாயில் விரிசல் இருந்தால் ஓட்டவே ஓட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. வண்டிக்குள் இருக்கும் அலாரத்தின் காலாவதித் தேதியை இன்றே பாருங்கள்.

ஆயில் மாற்றுவதோடு விட்டுவிடாதீர்கள். முதல் பயணத்துக்கு முன்னால், வீட்டு வாசலிலேயே, நல்ல வெயில் நேரத்தில் ஏசியைப் போட்டு இரண்டு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். இன்ஜின் ஏறி இறங்கினால் ஜெட்டைக் கழற்றுங்கள்.