ஹெக்டர் இருக்கட்டும்

கேள்வி: எங்கள் பள்ளித் தோட்டத்துக்கு வரும் வண்ணத்துப்பூச்சிகளுக்குப் பெயர்ப்பலகை வைக்கலாம் என்று பட்டியல் எடுத்தோம். அறிவியல் பெயர்களைப் பார்த்தால் ஹெக்டர், அகமெம்னான், பாலிட்டிஸ் என்று எல்லாமே கிரேக்கப் புராணம். நம் மண்ணில் பறக்கிற பூச்சிக்கு டிராய் நாட்டு இளவரசன் பெயர் எதற்கு? இதுவும் ஒரு காலனி ஆதிக்கம்தானே? மாற்றச் சொல்லி நாம் ஏன் குரல் எழுப்பக் கூடாது? – ஓர் ஆசிரியை, திண்டுக்கல்.

பதில்: குரல் எழுப்பினால் பலன் இருக்காது. பலன் இருக்கும் என்றாலும் நான் உங்களோடு சேர மாட்டேன்.

முதலில் அந்தக் காலனி ஆதிக்கக் குற்றச்சாட்டு. நீங்கள் சொன்ன மூன்று பெயர்களையும் வைத்தவர், உயிர்களுக்கு இரண்டு சொல் அறிவியல் பெயர் வைக்கும் முறையை நிலைநிறுத்திய கார்ல் லின்னேயஸ், சுவீடன்காரர். வைத்த ஆண்டு 1758. சுவீடனுக்கு அப்போது இந்தியாவில் ஆட்சி ஏதும் கிடையாது. அதைவிட முக்கியமானது, தன் சொந்த நாட்டில் பறந்த பூச்சிகளுக்கும் அவர் இதையேதான் செய்தார். சுவீடனின் மஞ்சள் வால் பூச்சி ஒன்றுக்கு மக்காவோன், அதாவது டிராய் போரில் கிரேக்கப் படையின் வைத்தியன். அங்கே பாறைச் சரிவுகளில் பறக்கும் வெள்ளைப் பூச்சிக்கு அப்போலோ. தன் வீட்டுப் பிள்ளைக்கு வைத்த மாதிரிப் பெயரைத்தான் நம் பிள்ளைக்கும் வைத்தார். இதில் நம்மை மட்டம் தட்டியதாக நினைக்க ஒன்றுமில்லை.

அவருக்கு இருந்த சிக்கல் வேறு. உலகம் முழுவதிலுமிருந்து பதப்படுத்திய பூச்சிகள் ஐரோப்பாவுக்கு வந்து குவிந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வேண்டும், அது நினைவில் நிற்கவும் வேண்டும். அன்றைய ஐரோப்பாவில் படித்தவர் எல்லோருக்கும், டிராய் போர்க் கதைகளைப் பாடிய பழங்காலக் கவிஞர்களான ஹோமரும் வர்ஜிலும் மனப்பாடம். அந்தக் கதைகளில் வீரர்களுக்கும் தேவதைகளுக்கும் பஞ்சமே இல்லை. அங்கிருந்து எடுத்துக்கொண்டார்.

எடுத்ததிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. பெரிய இறக்கைப் பூச்சிகளை 'வீரர்கள்' என்று ஒரு பிரிவாக்கி, அதை டிராய்க்காரர்கள், கிரேக்கர்கள் என்று இரண்டு படையாகப் பிரித்தார். மார்பில் ரத்தச் சிவப்பாகப் புள்ளி இருந்தால் டிராய் படை, இல்லாவிட்டால் கிரேக்கப் படை. உங்கள் தோட்டத்து ஹெக்டர் அடுத்த முறை உண்ணிப்பூவில் வந்து உட்காரும்போது கிட்டப் போய்ப் பாருங்கள். இறக்கை கறுப்பு, முன்னிறக்கையில் வெள்ளைப் பட்டை, பின்னிறக்கையில் வரிசையாகச் சிவப்புப் பொட்டு, தலையும் உடம்பும் நல்ல சிவப்பு. அகமெம்னானின் உடம்பில் அந்தச் சிவப்பு இருக்காது. நெட்டிலிங்க மரம் இருக்கும் பள்ளிகளில் ஓயாமல் படபடத்துக்கொண்டிருக்கும் பச்சைப் புள்ளிக்காரன் அது. கிரேக்கப் படைக்கே தலைவன் பெயர் அதற்கு. பெயரைக் கேட்டதும் பூச்சியின் ஓர் அடையாளம் நினைவுக்கு வருகிற ஏற்பாடு அது. பிற்காலத்தில் இந்தப் பிரிவுகளைக் கைவிட்டுவிட்டார்கள். பெயர்கள் நின்றுவிட்டன.

பாலிட்டிஸ் கதை எனக்கு மிகவும் பிடித்தது. கதையில் ஹெக்டரும் பாலிட்டிஸும் அண்ணன் தம்பி, இருவரும் டிராய் அரசன் பிரியாமின் பிள்ளைகள். ஹெக்டரைக் கிரேக்க வீரன் அக்கிலீஸ் கொல்கிறான். பாலிட்டிஸைத் தகப்பன் கண் முன்னாலேயே அக்கிலீஸின் மகன் கொல்கிறான். இனி நம் தோட்டத்துக்கு வருவோம். ஹெக்டரின் புழு ஆடுதின்னாப்பாளையைத் தின்று அதன் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. அதனால் பறவைகள் ஹெக்டரைத் தொடுவதில்லை. பாலிட்டிஸின் புழு தின்பது கறிவேப்பிலை, எலுமிச்சை இலைகளை. அதன் உடம்பில் அப்படி நஞ்சு ஏதும் இல்லை. ஆனால் பாலிட்டிஸ் பெண் பூச்சிகளில் ஒரு வகை அச்சு அசலாக ஹெக்டரின் கறுப்பு, வெள்ளை, சிவப்பைப் போட்டுக்கொண்டு பறக்கிறது. அண்ணனின் வேடத்தில் தம்பி பெயர்க்காரன் உயிர் பிழைக்கிறான்! லின்னேயஸ் இதைத் தெரிந்து வைக்கவில்லை. பூச்சிகள் இப்படி வேடம் போடுவதற்கு விளக்கம் வந்ததே 1862இல், ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் பேட்ஸ் எழுதிய கட்டுரையில். தற்செயலாக அமைந்த பொருத்தம்தான். இருந்தாலும் வகுப்பில் சொல்ல இதைவிட நல்ல கதை கிடைக்குமா? இந்தப் பெயரையா அழிக்கச் சொல்கிறீர்கள்?

சரி, சட்டம் என்ன சொல்கிறது? விலங்குப் பெயர்களுக்கு உலகம் முழுக்க ஒரே விதித்தொகுப்பு. 1758 ஜனவரி 1தான் அதன் தொடக்க நாள். அதற்குப் பின் முறைப்படி முதலில் வெளியான பெயருக்கே முன்னுரிமை. பெயர் பொருத்தமில்லை, ஊருக்கு ஒட்டவில்லை என்பதெல்லாம் அதை நீக்கக் காரணம் ஆகாது. முதல் சொல்லான பேரினப் பெயர் மாறலாம்; லின்னேயஸ் பாப்பிலியோ என்றதை இன்று பாக்லியோப்டா என்கிறோம், ஆனால் ஹெக்டர் அப்படியே இருக்கிறது. இந்தப் பிடிவாதம் எனக்குச் சரி என்றே படுகிறது. யாழ்ப்பாணத்தில் ஒருவர் எழுதிய குறிப்பை ஜப்பானில் ஒருவர் படித்து, எந்தப் பூச்சி என்று சந்தேகமில்லாமல் தெரிந்துகொள்ள முடிகிறது. இரண்டரை நூற்றாண்டுப் பதிவுகள் அந்த ஒரு பெயரில் தொங்குகின்றன. நாட்டுக்கு நாடு மாற்றிக்கொண்டால் எல்லாம் அறுந்துபோகும்.

உங்கள் கோபத்தில் நியாயமான ஒரு பகுதி இருக்கிறது. இந்த உயிர்களைப் பிடித்துக் கொடுத்த, எங்கே கிடைக்கும் என்று வழிகாட்டிய உள்ளூர்க்காரர்கள் பெரும்பாலும் பதிவிலேயே இல்லை. அந்தக் குறை உண்மையானது. ஆனால் நம் கதைகளுக்கு இடமே தரவில்லை என்பது தவறு. நம் ஊர்ப் புள்ளி ஆந்தையின் பெயர் அதீனி பிராமா. அதீனா கிரேக்கர்களின் அறிவுத் தெய்வம், ஆந்தை அவளுடைய பறவை, ஏதென்ஸ் நாணயத்திலேயே அதைப் பொறித்தார்கள். பிராமா நம் பிரம்மா. இரண்டு நாட்டுத் தெய்வங்களும் ஒரே ஆந்தையில்! அலறினால் அபசகுனம் என்று நாம் கல்லெறிகிற ஆந்தைக்கு. சிவாலிக் மலையில் கிடைத்த, ஒட்டகச்சிவிங்கிக்கு உறவான ஒரு பழைய விலங்குக்கு 1836இல் ஃபால்கனரும் காட்லியும் சிவனின் பெயரால் சிவதீரியம் என்று வைத்தார்கள்.

அப்புறம், பெயர் வைக்கும் உரிமை கிரேக்கத்துக்கோ சுவீடனுக்கோ எழுதிக் கொடுக்கப்பட்டதில்லை. புதிய இனம் என்று முதலில் நிறுவி, விதிப்படி விவரித்து வெளியிடுகிறவருக்கே அந்த உரிமை. குஜராத்தின் கட்ச் பகுதியில், பனந்த்ரோ பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் ஒரு ராட்சதப் பாம்பின் முதுகெலும்புகள் கிடைத்தன. சுமார் 4.7 கோடி ஆண்டுப் பழையவை; பாம்பின் நீளம் 11 முதல் 15 மீட்டர் வரை இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். 2024இல் ரூர்க்கி ஐஐடி ஆய்வாளர்கள் அதற்கு வைத்த பெயர் வாசுகி இண்டிகஸ். மலைப்பாம்புக்கு டெல்ஃபியில் அப்போலோ கொன்ற பைத்தான் பெயர் என்றால், இதற்குப் பாற்கடல் கடைந்த பாம்பின் பெயர். யாரிடமும் அனுமதி கேட்டு நிற்கவில்லை, எந்தப் பழைய பெயரையும் அழிக்கவில்லை. உங்கள் மாணவர்களில் ஒருவர் நாளைக்கு ஒரு புதிய சிலந்தியைக் கண்டுபிடித்து விவரித்தால் கண்ணகியின் பெயரையே வைக்கலாம்.

பலகைக்கு வருகிறேன். மேலே பெரிய எழுத்தில் தமிழ்ப் பெயரைப் போடுங்கள். பாலிட்டிஸுக்குக் கறிவேப்பிலை அழகி என்ற அருமையான பெயர் இருக்கிறது. கீழே சிறிய எழுத்தில் பாப்பிலியோ பாலிட்டிஸ். அதற்கும் கீழே இரண்டு வரியில் அண்ணன் தம்பி கதை. பலகைக்குப் பக்கத்தில் ஒரு கறிவேப்பிலைக் கன்றும், வேலியோரம் ஆடுதின்னாப்பாளைக் கொடியும் வைத்துவிடுங்கள். பாலிட்டிஸ், ஹெக்டர் இரண்டுமே முட்டையிட வரும்.