நெத்திலி மலிந்தால் நட்டம் யாருக்கு? தேவிபட்டினம் வாசகிக்குப் பதில்

கேள்வி: என் கணவர் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார். நெத்திலி நிறையப் பட்ட நாளில் கிலோ 60 ரூபாய்க்குக் கேட்கவே ஆளைத் தேட வேண்டியிருக்கிறது. படாத நாளில் 120 வரை போகிறது. எண்ணெய், ஐஸ், வலைச் செலவைச் சொன்னால் வியாபாரி காதில் வாங்குவதில்லை. அவரிடம் 50,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருப்பதால் மீனை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. விலையை உண்மையில் யார் தீர்மானிக்கிறார்கள்? நானும் பக்கத்து வீட்டு அக்காவும் கருவாடு போடலாம் என்று நினைக்கிறோம். மூன்றரைக் கிலோ பச்சை மீனுக்கு ஒரு கிலோ கருவாடு வருகிறது. ராமநாதபுரம் கடைக்காரர் கிலோ 350-க்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். கட்டுப்படியாகுமா?

பதில்: கசப்பான செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்ணெய்க்கும் ஐசுக்கும் நீங்கள் கொடுத்த பணம், மீன் கரைக்கு வந்த பிறகு அன்றைய விலையை ஒரு ரூபாய்கூட நகர்த்தாது. வந்திறங்கிய மீன் இனிக் கூடப் போவதுமில்லை, பொழுது சாயும்வரை காத்திருக்கப் போவதுமில்லை. வரத்து இப்படி நிலைத்துவிட்ட நிலையில், கரையில் நிற்பவர்களில் கடைசிக் கூற்றை, அதாவது விற்கப் பிரித்துவைத்த கடைசி மீன் குவியலை, எடுக்கப்போகிறவர் எவ்வளவு தரச் சம்மதிக்கிறாரோ, ஏறத்தாழ அதுவே எல்லாக் கூறுகளின் விலையாகிவிடுகிறது. கடைக்கு வாடிக்கையாக எடுப்பவர் 120 தரக்கூடியவர்தான். ஆனால் அவருடைய பெட்டி நிரம்பிய பின் மிஞ்சுவதை எடுக்கிறவர் கோழித்தீவனத்துக்கு அனுப்புகிறவராக இருந்தால், 60-க்கு மேல் அவருக்குக் கட்டாது. மிச்சம் 60-க்குப் போகும் என்று தெரிந்த பிறகு, முன்னால் நிற்பவர் மட்டும் 120 ஏன் தருவார்?

விலையைப் பற்றி 1890-இல் எழுதிய ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் ஆல்பிரட் மார்ஷல், இதை விளக்க மீன்பிடித் தொழிலையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். ஒரு நாளின் விலையில் கிராக்கியின் கையே ஓங்கியிருக்கும். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் செலவும் தன் பங்கைக் கேட்டு வாங்கிவிடும். செலவுக்குக் கட்டாத படகுகள் ஒவ்வொன்றாகத் தொழிலைவிட்டு விலக, வரத்துக் குறைந்து விலை மெல்ல ஏறும். ஆனால் உங்கள் வீட்டில் உலை இன்றைக்கே கொதிக்க வேண்டும் என்பதால், அந்த நியாயம் உங்களுக்கு அதிகம் உதவாது.

நிறையப் பட்ட நாளில் கைக்கு வரும் மொத்தப் பணமே குறைகிறது என்பதையும் கவனித்திருப்பீர்கள். குறைவாகப் பட்ட நாளில் கரை முழுவதற்கும் 100 கிலோ என்று வைத்துக்கொண்டால், 120 வீதம் 12,000 ரூபாய். மலிந்த நாளில் 160 கிலோ, 60 வீதம் 9,600 ரூபாய்தான். நெத்திலி பாதி விலைக்குக் கிடைக்கிறது என்பதற்காக ஒரு குடும்பம் இரண்டு குழம்பு வைத்துவிடாது. விலை சரியும் அளவுக்கு வாங்கும் அளவு கூடாத இந்தக் குணத்தைத் தேவையின் நெகிழ்ச்சி குறைவு என்று பாடநூல்கள் சொல்லும். நீலக்கால் நண்டின் கதை வேறு. அதன் சதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாவதால், தேவிபட்டினத்தில் பத்துக் கூடை கூடினாலும் அங்குள்ள விலை அசைவதில்லை.

கிராக்கிக்கும் நாள், கிழமை உண்டு. பாக் நீரிணையில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாளும் நாட்டுப்படகுகளுக்கு நான்கு நாளும் என்று முறை இருப்பதால், விசைப்படகு மீன் சந்தைக்கு வரும் நாளும் வராத நாளும் உங்களுக்கு ஒன்றல்ல. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு மீன் அறவே இராது. நாட்டுப்படகு மீனுக்கு மதிப்புக் கூடும் காலம் அது. புரட்டாசியில் மதுரைப் பக்கம் கிராக்கி சரியும். இஸ்லாமியர் அதிகம் வாழும் கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் அது அவ்வளவாகத் தெரியாது.

இனி முன்பணத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது இதுதான். ஒரே ஒருவருக்குத்தான் விற்க முடியும் என்றால், மேலே சொன்ன போட்டியே உங்கள் மீனுக்கு நடப்பதில்லை. வெளியாள் தருவதைவிடக் கிலோவுக்கு 10 ரூபாய் குறைவாக, நாளுக்கு 20 கிலோ, ஆண்டுக்கு 200 நாள் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 40,000 ரூபாய் கழிகிறது. 50,000 கடனுக்கு இது 80 சதவீத வட்டி. அசலோ அப்படியே நிற்கிறது. வட்டி என்ற சொல்லே பேச்சில் வராததால் இது கண்ணில் படுவதில்லை. வியாபாரியின் பக்கத்தையும் சொல்ல வேண்டும்: அவர் அடமானம் கேட்காமல் கொடுத்தார், தொழில் இல்லாத மாதத்திலும் கை கொடுப்பார், அதற்கும் ஒரு விலை உண்டு. ஆனால் 80 சதவீதம் அதற்குரிய விலை என்று நான் ஒப்ப மாட்டேன். 2018-19 முதல் கிசான் கடன் அட்டை மீனவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டிருக்கிறது. வட்டி மானியத்துடன் 7 சதவீதம்தான், தவணை தவறாதவர்களுக்கு அதிலும் சலுகை உண்டு. வங்கிக்குப் பலமுறை நடக்க வேண்டிவரும் என்றாலும் நடக்கத்தான் சொல்வேன்.

கட்டு அவிழ்ந்தால் கைபேசிக்கும் வேலை வரும். வட கேரளக் கடற்கரைக்குக் கைபேசி வந்த காலத்தை ஆராய்ந்து ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கைபேசி வருவதற்கு முன், 1997 ஜனவரியில் ஒரு நாள், வடகரை என்ற ஊரில் பதினொரு மீனவர்களின் மத்தி விலைபோகவில்லை. அதே நாளில் 15 கிலோமீட்டருக்குள் இருந்த சந்தைகளில் வாங்க வந்த 27 பேர் மீன் கிடைக்காமல் நின்றார்கள். கடலிலிருந்தபடியே விலை விசாரிக்க முடிந்த பிறகு மீனவர் இலாபம் சுமார் 8 சதவீதம் கூடியது, வாங்குவோர் கொடுத்த விலையும் சுமார் 4 சதவீதம் குறைந்தது. முன்பணத்தில் கட்டுண்ட படகு விலையை விசாரித்து அறியலாம். ஆனால் அங்கே கொண்டுபோய் விற்க முடியாது.

கருவாட்டுக்கு மீனைப் பிடித்த செலவைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்த மீனைப் பச்சையாக விற்றால் இன்றைக்கு என்ன கிடைத்திருக்கும் என்பதே அதன் விலை. வாய்ப்புச் செலவு என்பது இதைத்தான். உப்பு, கூலி, பை, வண்டி வாடகை எல்லாம் சேர்த்துக் கருவாடு கிலோவுக்கு 40 ரூபாய் என்று கொள்கிறேன். பச்சை மீன் 60 விற்கும் நாளில் மூன்றரைக் கிலோவுக்கு 210, அதோடு 40, ஆக 250 ரூபாய். 350-க்கு விற்றால் 100 மிஞ்சும். 120 விற்கும் நாளில் 460 ஆகிவிடும், அன்றைக்குக் காயவைப்பது வீண். எல்லை சுமார் 88 ரூபாயில் இருக்கிறது. ஊரார் எல்லாரும் அதே நாளில் காயவைத்தால் 350 நிலைக்காது என்பதாலும், தூறல் விழுந்தால் சரக்குக் கெடும் என்பதாலும், 75-ஐத் தாண்டினால் காயவைக்க வேண்டாம் என்பது என் கணக்கு.

கணவரின் மீன் முன்பணத்தில் கட்டுப்பட்டிருக்கும்வரை அதைக் காயவைக்கவும் வியாபாரியின் சம்மதம் வேண்டியிருக்கும். ஆகவே, மலிந்த நாளில் மற்ற வல்லங்களின் மிச்சக் கூற்றை நீங்களே கேட்டு எடுங்கள். கோழித்தீவனக்காரர் 60-க்கு மேல் போகாத இடத்தில் நீங்கள் 70 வரை கேட்கலாம், அப்போதும் இலாபம் நிற்கும். கடைசிக் கூற்றின் விலையே எல்லாக் கூற்றுக்கும் என்று சொன்னேன் அல்லவா? இரண்டு பேர் கேட்டால் அது அசையாது. ஏழெட்டுக் குடும்பம் சேர்ந்து கேட்டால் மலிந்த நாளின் விலையே 60-இலிருந்து சற்று ஏறி நிற்கும், உங்கள் கணவரின் மீனுக்கும் சேர்த்து. ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடங்க வேண்டாம். தை பிறந்த பிறகு, மணலில் போடாமல் உயரமாகக் கட்டிய வலைப் பரணில் போட்டுப் பாருங்கள். மணல் ஒட்டிய கருவாட்டுக்கு எந்தக் கடைக்காரரும் 350 தர மாட்டார்.