பனிகாலத்தில் சைக்கிள்: வாசகர் கேள்வி

கேள்வி: பின்லாந்தின் ஔலு நகரில் படிக்கும் என் தம்பி, பனியிலும் சைக்கிளில்தான் வகுப்புக்குப் போகிறான். அம்மா பயப்படுகிறார். அவனை மோட்டார் சைக்கிள் வாங்கச் சொல்லலாமா?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: வேண்டாம், சகோதரி. பனிக்கட்டியில் வேகமும் எடையும் கூடக் கூட விழுகையின் அடியும் கூடும். கடுங்குளிரில் பற்றரியும் வலுவிழப்பதால், அங்கே பெரும்பாலானோர் மோட்டார் சைக்கிளை வசந்தம் வரை மூடி வைத்துவிடுகிறார்கள். சைக்கிளின் நிலை வேறு. ஔலுவில் சைக்கிள் பாதைகளின் பனியை முறையாக வழித்து அகற்றுவதால், மாணவர்களும் முதியவர்களும் குளிர்காலம் முழுவதும் ஓடுகிறார்கள்.

தம்பி கவனிக்க வேண்டியது ரயரைத்தான். டங்ஸ்டன் கார்பைட் என்ற மிகக் கடினமான பொருளாலான முனைகள் பதித்த குளிர்கால ரயர் இரண்டு சில்லுகளுக்கும் நல்லது. ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் முன்சில்லுக்கே போடட்டும், ஏனெனில் முன்சில்லு வழுக்கினால் சமநிலையை மீட்பது மிகக் கடினம். மாரியில் நம் கிரவல் ஒழுங்கைகளில் ஓடுவதுபோல, வளைவில் சாயாமலும் முன்பிரேக்கைச் சட்டென்று பிடிக்காமலும் போகவேண்டும். மைனஸ் 15 பாகையைவிடப் பூச்சியத்தை அண்டிய நாட்களே ஆபத்தானவை. அப்போது பனிக்கட்டியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும்.

சைக்கிளைச் சூடான அறைக்குள் வைத்தால், உருகிய நீர் பிரேக் கம்பியின் உறைக்குள் இறங்கி, வெளியே வந்ததும் உறைந்து பிரேக்கை இறுக்கிவிடும். குளிரான கொட்டகையே நல்லது. டிசம்பர் பிற்பகுதியில் பகல் நான்கு மணிநேரம்கூட இல்லாததால், முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம்.