வாட்டர்கலரில் வரைந்த வீட்டு அறைப் படத்தில் எதைப் பார்த்து ரசிப்பது?

"அழகா இருக்கு" என்பதைத் தாண்டி எதுவும் சொல்ல வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருடமாக வாட்டர்கலர் போட்டுப் பழகுகிறவன் நான். எந்தப் படம் கிடைத்தாலும், வர்ணமே படாத இடம் எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் தேடுவேன்.

ஒரு படத்தையே வைத்துச் சொல்கிறேன். ஸ்வீடன் ஓவியர் கார்ல் லார்சன், சுண்ட்போர்ன் கிராமத்தில் இருந்த தன் வீட்டை 1890களில் அறை அறையாக வரைந்தார். 26 படங்கள். ஸ்டாக்ஹோமில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதில் ஒன்றில், ஜன்னலோரம் வரிசையாக இருக்கும் பூந்தொட்டிகளுக்கு ஒரு சிறுமி தண்ணீர் ஊற்றுகிறாள். இணையத்தில் தேடினால் கிடைக்கும், பெரிதாக்கிப் பாருங்கள்.

வெளிச்சம் செடிகளுக்குப் பின்னால் இருந்து வருகிறது. எண்ணெய் வர்ணமாக இருந்தால் இருட்டின் மேல் கடைசியில் வெள்ளையை வைத்து இலையைப் பளிச்சென்று ஆக்கிவிடலாம். ஒளி ஊடுருவும் வாட்டர்கலரில் அது நடக்காது. வெளிச்சம் என்பது அடியில் இருக்கும் காகிதம்தான். பளிச்சென்ற இலைக்கு முதலிலேயே நீர்த்த மஞ்சள்பச்சை ஒரு பூச்சு, அது நன்றாகக் காய்ந்ததும் அந்த இலையைச் சுற்றி மட்டும் அடர்த்தியான பச்சை. இந்தப் படத்தை நகல் எடுக்க முயன்றபோது ஈரம் காய்வதற்குள் அடர்பச்சையை வைத்துவிட்டேன். இலை, பின்னணி எல்லாம் ஒன்றாகக் கலந்து ஜன்னலே இருண்டுவிட்டது. எங்கே தொடக்கூடாது என்பதை அவர் எவ்வளவு முன்னால் முடிவு செய்திருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அப்புறம் கோடு. லார்சனின் கோடு சீரான, தெளிவான கோடு. உருவத்தைக் கோடு பிடித்துக்கொள்வதால் வர்ணம் மெல்லியதாக இருந்தாலே போதும். ஜப்பானிய அச்சுப் படங்களின் மேல் அவருக்கு இருந்த பிரியம் இதில் தெரியும்.

அமைப்பைப் பாருங்கள். ஜன்னல், திண்டு, தொட்டி வரிசை எல்லாம் படுக்கைவாட்டில் ஓடுகின்றன. சிறுமி ஒருத்திதான் நெட்டாக நின்று அந்த ஓட்டத்தை நிறுத்துகிறாள். முன்னால் மேசையில் பாதியில் விட்ட பின்னல் வேலை கிடக்கிறது. எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்த இடம் அதுதான். யாரோ இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார்கள், அல்லது அவளே பின்னலை வைத்துவிட்டுச் செடிக்குத் தண்ணீர் விட வந்திருக்கிறாள். அந்தச் சின்னப் பொருள் இல்லாவிட்டால் அறை வெறும் அலங்காரமாக நின்றிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வீடு 1888இல் லார்சனின் மாமனார் கொடுத்தது. மனைவி கரினும் முறையாகப் பயின்ற ஓவியர். வீட்டின் நெசவுத் துணிகள், தையல் வேலைகள், பல மரச்சாமான்களின் வடிவம் எல்லாம் அவர் யோசித்தவை. லார்சன் உட்கார்ந்து வரைந்த அறைகளை ஏற்கெனவே நிறம் பார்த்து அடுக்கி வைத்திருந்தவர் அவர். அதனால் இந்தப் படங்களில் நிறங்கள் சேர்ந்திருக்கும் விதத்தைப் பாராட்டும்போது கரின் பெயரையும் சேர்த்தே சொல்வேன்.